அட்டவணையில் இல்லாத பத்தி

1

இந்தக் கதை ஓர் உதவிப் பக்கத்திலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வாழ்க்கையைத் துருவித் துருவிப் பார்த்து எழுதியிருக்கிறார் என்று என்னைப் பாராட்டிவிட்டால் சங்கடம். கணினி நிரல்களோடு வரும் உதவிப் பக்கங்களைத் தமிழாக்கிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. யாரும் ஆசைப்பட்டுப் படிக்கிற பக்கங்கள் அல்ல. ஏதோ ஓடாமல் நின்றுபோன கோபத்தில் திறப்பார்கள், பாதியில் மூடுவார்கள். அப்படி ஒருநாள், புள்ளியியல் கணக்குகளுக்கான ஒரு நிரல்மொழியில் சூத்திரம் எழுதுவது எப்படி என்று விளக்கும் பக்கம் என் மேசைக்கு வந்தது. அதன் நடுவில் கிட்டத்தட்ட இப்படி ஒரு விதி இருந்தது. சூத்திரத்தில் வருகிற பெயர்களை நிரல் முதலில் நீங்கள் கொடுத்த அட்டவணையில் தேடும். அங்கே இல்லையென்றால், சூத்திரம் எழுதப்பட்ட இடத்தில் வேறு எங்காவது இருக்கிறதா என்று வெளியே போய்த் தேடும்.

தமிழாக்கிவிட்டேன். ஆனால் அடுத்த வரிக்குப் போகக் கை வரவில்லை. இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இந்த வேண்டாத உபகாரம்? இதே தொழிலில் இருக்கும் சிநேகிதி ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இதுல யாராவது மாட்டியிருக்காங்களா?"

"யாரு மாட்டலைன்னு கேளு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாட்டினவங்கள்ல பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது" என்றாள்.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. தெரியாமலே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணை நான் உண்டாக்கினேன். அவள் உலகத்தில் எங்கும் இல்லை. இருந்தாலும் கொஞ்ச நாளாக அவளோடுதான் இருக்கிறேன், அவளை நினைத்தால் எனக்குக் கவலையாகவும் இருக்கிறது.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

[கண்ணாடித் தகடு சரிந்த சத்தத்தில் வெட்டுப் பிரிவு முழுவதும் ஒரு கணம் உறைந்து…]

வேண்டாம். ரத்தத்தில் ஆரம்பித்தால் வாசகர் கடைசிவரை ரத்தத்தையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். அந்த விபத்து கதை தொடங்கும்போதே நடந்து முடிந்துவிட்டது.

[எண்கள் பொய் சொல்லாது என்றுதான் அவள் நம்பியிருந்தாள். ஆனால்…]

இப்படி ஆரம்பிக்கும் கதையை நானே மூடிவைத்துவிடுவேன். அந்த 'ஆனால்' என்ன கொண்டுவரும் என்று ஊருக்கே தெரியும்.

மூன்றாவதை வைத்துக்கொண்டேன். அது இதுதான்:

அவள் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தாள். யார் எங்கே எப்படிக் காயப்பட்டார்கள் என்ற விவரங்களை வாங்கி, அட்டவணையாக்கி, அதற்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. எதைக் கேட்டாலும் "சராசரியா பார்த்தா…" என்று அவள் ஆரம்பிப்பதால் அங்கே அவளுக்குச் சராசரி மேடம் என்று பட்டப்பெயர். அது அவளுக்கும் தெரியும், கோபமில்லை. வீட்டில் அவள் அண்ணி. கணவரின் தம்பியும் அவன் மனைவியும் அதே கட்டடத்தில் மாடியில் குடியிருந்தார்கள். நானும் அவளை அண்ணி என்றே சொல்லப்போகிறேன். இந்தக் கதையில் அவளைப் பெரிதாக நம்பிய ஒருவன் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

அவன் அவளுடைய கொழுந்தன். அதே தொழிற்சாலையில் கண்ணாடி வெட்டுபவன். காயப்பட்டவனும் அவன்தான்.

3

இந்த இடத்தில் நீங்கள் புருவத்தை உயர்த்துவீர்கள். கணக்குப் பார்ப்பவள் வீட்டிலேயே காயப்பட்டவனா, கதைக்குத் தோதாகக் கொண்டுவந்து வைத்துவிட்டாயே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முதல் பிரதியில் அவன் யாரோ ஒருவனாகத்தான் இருந்தான். அப்போது கதை தானாகவே தீர்ந்துபோனது. தப்பு தெரிந்ததும் அவள் திருத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள், என்னால் அவளைத் தடுக்க முடியவில்லை. அதனால் அவனைக் கொழுந்தனாக்கினேன். ஆக, சொந்தக்காரனுக்காகக் கணக்கை வளைத்தவர் என்ற சந்தேகம் முதலில் என் மேல்தான் விழவேண்டும். கொஞ்சம் பொறுங்கள், அவள் மேலும் விழப்போகிறது.

நடந்தது இது. வெட்டு மேசையில் நின்றுகொண்டிருந்தவன் கையிலிருந்து தகடு நழுவி, உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. தையல் போட்டார்கள், காயம் ஆறியது, இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவில்லை. இன்னொரு அறுவைச் சிகிச்சை செய்தால் மடங்கலாம் என்றார் மருத்துவர். அதை நிர்வாகம் செய்துவைக்குமா, அவனுக்கு வேலை இருக்குமா என்பதெல்லாம் ஒரே கேள்வியில் தொங்கியது. விபத்து அவன் கவனக்குறைவாலா, வேலை முறையாலா?

மேற்பார்வையாளர் அன்றைக்கே 'கவனக்குறைவு' என்று எழுதிவிட்டார். வெட்டுப் பிரிவில் இருந்தவர்கள் வேறு சொன்னார்கள். இடைவேளை இல்லாமல் மேசையில் நிற்கவைக்கிறார்கள், நிற்க நிற்கக் கை மரத்துப்போகிறது, யாராக இருந்தாலும் நழுவத்தான் செய்யும் என்றார்கள். சரி, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்றது நிர்வாகம். தொழிற்சாலையில் கணக்குப் போடத் தெரிந்தது ஒரே ஒருத்திக்குத்தான்.

"சார், அவன் என் கொழுந்தன். இதை நான் செய்யறது சரியா இருக்காது" என்று அவள் தன் பிரிவுத் தலைவரிடம் சொன்னாள். அவர் ஹெல்மெட் சார். சாப்பாட்டுக் கூடத்தில்கூட ஹெல்மெட்டைக் கழற்றாதவர்.

"வேற யாரு இருக்கா? நீங்க எப்படிப்பட்டவங்கன்னு எல்லாருக்கும் தெரியும். செய்யுங்க."

4

இனி சூத்திரம். பயப்படாதீர்கள், ஒரே வரிதான்.

காயம் ~ வயது + அனுபவம் + தொடர்நேரம்

நடுவில் அலை மாதிரி நெளிகிறதே, அதற்கு 'இதைப் பொறுத்து' என்று பொருள். இடப்பக்கம் இருப்பது வலப்பக்கம் இருப்பவற்றைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று கேட்கிறோம். கூட்டல் குறி இருக்கிறது, ஆனால் யாரும் எதையும் கூட்டப்போவதில்லை. வயதையும் அனுபவத்தையும் கூட்டி என்ன செய்ய? அந்தக் குறிக்கு இங்கே 'இதையும் கணக்கில் எடு' என்றுதான் அர்த்தம்.* தொடர்நேரம் என்பது ஒரு வெட்டுக்காரர் இடைவேளை இல்லாமல் சராசரியாக எவ்வளவு நேரம் மேசையில் நிற்கிறார் என்பது. இவையெல்லாம் அட்டவணையில் உள்ள பத்திகளின் பெயர்கள். ஒரு வரிசைக்கு ஓர் ஆள். வேலையில் சேர்ந்த முறைப்படி அடுக்கியிருந்தது. மேலே பழைய ஆட்கள், கீழே புதியவர்கள்.

(* எல்லாப் பத்திகளையும் சேர்க்க வேண்டுமென்றால் பெயர்களுக்குப் பதில் ஒரு புள்ளி வைத்தாலே போதும். இந்த வசதியை மொழிபெயர்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கதையில் 'மற்றவர்கள்' என்று எழுதினால் ஒருவரும் வந்து நிற்பதில்லை.)

ஒரு பிற்பகல் அண்ணி தொடர்நேரத்தை மட்டும் அட்டவணையிலிருந்து தனியாக எடுத்து, குறைந்ததிலிருந்து கூடியதுவரை அடுக்கிப் பார்த்தாள். அதிகபட்சம் எவ்வளவு நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். அடுக்கியதை ஒரு பெயரில் போட்டுவைக்க வேண்டுமே, கைக்கு வந்த பெயர் தொடர்நேரம். சேமித்துவைத்த நிரலில் அதை எழுதவில்லை, போகிற போக்கில் தட்டிய ஒரு வரி. பார்த்தாள், குறித்துக்கொண்டாள், அணைக்காத கணினியின் நினைவில் அப்படியே விட்டுவிட்டாள். காய்ந்த துணியை எடுத்து நாற்காலி மேல் போடுகிற மாதிரி.

மறுநாள் பணியாளர் பிரிவு எழுத்தர் சில வயதுகளைத் திருத்திப் புதிய அட்டவணை அனுப்பினார். கூடவே ஒரு நல்ல காரியமும் செய்திருந்தார். அட்டவணை அச்சடித்தால் தாளில் அடங்கவில்லை என்று கடைசிப் பத்தியை மட்டும் எடுத்து இரண்டாவது பக்கத்துக்கு மாற்றியிருந்தார். கடைசிப் பத்தி தொடர்நேரம்.

அண்ணி புதிய அட்டவணையைத் திறந்து, அதே சூத்திரத்தை ஓட்டினாள். நிரல் அட்டவணைக்குள் போய் வயதை எடுத்தது, அனுபவத்தை எடுத்தது, தொடர்நேரத்தைத் தேடியது. இல்லை. உடனே வெளியே வந்தது. அங்கே நேற்று அடுக்கிவைத்த தொடர்நேரம் கிடந்தது. ஆட்கள் எத்தனையோ அத்தனை எண்கள், ஒன்றுகூடக் குறையவில்லை. எடுத்துக்கொண்டது. எச்சரிக்கை இல்லை, ஒரு சிவப்பு எழுத்து இல்லை.

எண்கள் எல்லாம் உண்மையானவை. ஆட்கள்தான் மாறிப்போனார்கள். மேலே இருந்த பழைய ஆட்களுக்குக் குறைந்த நேரங்களும், கீழே இருந்த புதியவர்களுக்கு நீண்ட நேரங்களும் போய்ச் சேர்ந்தன. நிஜத்திலோ கைதேர்ந்த பழைய ஆட்களைத்தான் நாள் முழுக்க மேசையில் நிறுத்திவைத்திருந்தார்கள், அதிகம் காயப்பட்டவர்களும் அவர்கள்தான். கணக்கின் முடிவு சாதுவாக வந்தது: காயத்துக்கும் தொடர்நேரத்துக்கும் தொடர்பு இல்லை.

சும்மா நம்பிவிடவில்லை அவள். சராசரியைச் சரிபார்த்தாள். எண்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் சராசரி மாறாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் கலைந்திருக்கும் என்று சந்தேகப்பட்டால்தானே?

இங்கே எனக்கு அவள் மேல் ஒரு சந்தேகம் வந்தது. பத்தி இருக்கிறதா என்று பார்க்காமலா ஓட்டுவாள், இவ்வளவு ஒழுங்கானவள்? என் சிநேகிதியிடம் கேட்டேன். "நேத்து இருந்துச்சே, இன்னைக்கு எங்க போகப்போகுதுன்னு இருப்பா" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன். நானும் காலையில் எழுந்து கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடப்பதில்லை.

5

அறிக்கையை நிர்வாகம் அமைத்த விசாரணைக் குழுவின் முன் அவளே படித்தாள். ஒருவர், "அப்போ நிக்கவெச்சா காயம் குறையும் போலிருக்கே" என்று வேடிக்கையாகச் சொன்னார். "அப்படி இல்லைங்க, தொடர்பு இல்லைன்னுதான் அர்த்தம்" என்று திருத்தினாள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது இன்னொருவர் ஹெல்மெட் சாரிடம், "சொந்தக் கொழுந்தன்னுகூடப் பார்க்கலை பாருங்க. இவங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்" என்றது அவள் காதில் விழுந்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. வீட்டில் என்ன சொல்வது என்று தெரியாதபோதும், பெருமையாகத்தான் இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லமாட்டாள், அதனால் நான் சொல்கிறேன்.

இரண்டு வீட்டுக்கும் துணி துவைக்கும் இயந்திரம் ஒன்றுதான், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அண்ணி வேலைக்குப் போன பிறகு ஓரகத்தி அவர்கள் வீட்டுத் துணியையும் எடுத்து உலர்த்தி, மடித்து, கதவருகே வைத்துவிட்டுப் போவாள். அறிக்கைக்குப் பிறகு மடிப்பது நின்றது. பிறகு உலர்த்துவது நின்றது. ஈரத்துணி ஒரு கூடையில் அப்படியே கிடந்து நாறியது. ஒருநாள் இருவரும் அங்கே நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அவர் தூங்கிக்கிட்டா வெட்டினாரு?"

"நான் அப்படி எழுதலையேம்மா."

"எழுதலை. நேரம் காரணமில்லைன்னு எழுதினீங்க. அப்ப வேற யாரு காரணம்? அங்க இருந்தது அவரும் கண்ணாடியும்தானே?"

கணக்கு என்பது ஒருவனைப் பற்றி எதுவும் சொல்லாது, எல்லாரையும் சேர்த்துத்தான் சொல்லும் என்று விளக்க அண்ணி வாயெடுத்தாள். ஓரகத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு படியேறிவிட்டாள்.

கொழுந்தன் மட்டும் மாறவில்லை. அண்ணி போட்ட கணக்கு தப்பாயிருக்காது, தனக்குத்தான் அன்று கவனம் சிதறியிருக்கும் என்று அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான். மனைவியிடம், "அண்ணியை ஒண்ணும் சொல்லாத, அன்னைக்கு என் புத்தி எங்க இருந்துச்சோ" என்றான். அதை அண்ணியின் கணவர் கேட்டுவந்து அவளிடம் சொன்னார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இது தாங்கவில்லை.

[இங்கே அவள் அழுவதாக எழுதியிருந்தேன். அவள் அழுதாளா என்று எனக்கே நிச்சயமில்லாததால் எடுத்துவிட்டேன்.]

6

குழு இறுதி முடிவெடுக்கும் விசாரணைக்கு முதல் நாள், அறிக்கையில் இருக்கும் வரைபடத்தில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, பெரிதாக்கிக் கொடுங்கள் என்றார் ஹெல்மெட் சார். சின்ன வேலை. அண்ணிக்கு அந்த வாரம்தான் புதுக் கணினி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். பழையதிலிருந்த கோப்புகளை இதில் போட்டுவிட்டு, பழையதைத் துடைத்து எடுத்துப்போயிருந்தார் கணினிப் பிரிவு ஆள். அவள் அட்டவணையைத் திறந்தாள், சூத்திரத்தை ஓட்டினாள்.

சிவப்பு எழுத்தில் வந்தது: 'தொடர்நேரம்' என்று எதுவும் கிடைக்கவில்லை.

எங்கோ தட்டச்சுப் பிழை என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அட்டவணையைப் பார்த்தாள். பத்தி இல்லை. கடைசிவரை தள்ளிப் பார்த்தாள். அடுத்த பக்கத்தில் அது தனியாக உட்கார்ந்திருந்தது. எழுத்தர் செய்த வேலை என்று புரிந்தது. எடுத்து ஒட்டிவிட்டால் முடிந்தது என்று கையை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

இங்கே இல்லையென்றால், போன முறை எங்கிருந்து கிடைத்தது?

அன்று போகிற போக்கில் அடுக்கிவைத்தது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. ஆளையும் எண்ணையும் சரியாகச் சேர்த்து, மறுபடி ஓட்டினாள். நிற்கும் நேரம் கூடக்கூடக் காயம் கூடியது. தயக்கமே இல்லாத முடிவு. அனுபவமும் வயதும் எவ்வளவு இருந்தாலும், இடைவேளை இல்லாமல் நின்றால் கை வெட்டுப்படுகிறது.

பயம், வெட்கம் எல்லாம் வந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது சந்தோஷம். தம்பி கவனமில்லாமல் இருக்கவில்லை! நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். அந்தச் சந்தோஷத்தைக் கவனித்த பிறகுதான், இனி தான் என்ன சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்பது அவளுக்கு உறைத்தது. தன்னையே தான் நம்பலாமா என்றும் தோன்றியது. அதனால் முதலிலிருந்து இன்னொரு முறை செய்து பார்த்தாள். அதே முடிவு.

7

"சார், அறிக்கை தப்பு."

ஹெல்மெட் சார் நிமிர்ந்தார். "எந்த இடத்துல?"

"முடிவே தப்பு."

எல்லாவற்றையும் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பெயர் அட்டவணையில் இல்லாவிட்டால் நிரல் வெளியே போய் எடுத்துக்கொள்ளும் என்பதை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றினார். (இதை ஒரு பெரிய கட்டமாக ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். தலை அரித்தது, அவ்வளவுதான்.)

"நான் நம்புறேன். ஆனா நான் நம்பி என்ன ஆகப்போகுது? நாளைக்கு விசாரணை. இன்னைக்கு வந்து, கொழுந்தனுக்குச் சாதகமா கணக்கு மாறிடுச்சுன்னு சொல்றீங்க."

"யார் வேணும்னாலும் ஓட்டிப் பார்க்கலாம் சார். அட்டவணை இருக்கு, சூத்திரம் இருக்கு."

"புதுசு சரின்னு காட்டிடலாம். பழசு தெரியாம வந்த தப்புன்னு எப்படிக் காட்டுவீங்க? அந்தப் பழைய மிஷின் எங்க?"

"துடைச்சுட்டாங்க."

"பாருங்க. வீட்டுல நெருக்கினாங்க, மேடம் மாத்திட்டாங்கம்பான். இந்தக் கணக்கையே வேண்டாம்னு தூக்கிப் போட்டுடுவான். அப்புறம் அங்க நிக்கிறவங்க எல்லாரும் அப்படியே நிக்க வேண்டியதுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரை எடுத்துட்டு ஓட்டுங்க" என்றார்.

"யாரை?"

"உங்க கொழுந்தனை. அவர் வரிசையை நீக்கிடுங்க. அப்பவும் இதே முடிவு வந்தா ஒருத்தனும் வாயைத் திறக்க முடியாது. சொந்தக்காரனுக்காகச் செஞ்சீங்கன்னு எப்படிச் சொல்லுவான்? அவர்தான் அதுல இல்லையே."

அவள் மேசைக்குப் போய் அவன் வரிசையை நீக்கினாள். ஒரு வரிசைதானே, தசமப் புள்ளிக்குப் பின்னால் எங்கோ ஓர் எண் அசைந்தது. முடிவு கல் மாதிரி நின்றது. திரும்பிவந்து சொன்னாள்.

"தீர்ந்துச்சு. இதையே நாளைக்குக் கொடுங்க. இடைவேளை வந்துடும், நான் பார்த்துக்கறேன்."

"அவனுக்கு?"

"அவர் விஷயத்தைத் தனியா பார்ப்பாங்க."

"யாரு சார் பார்ப்பாங்க? கவனக்குறைவுன்னு எழுதினவர்தானே?"

ஹெல்மெட் சார் ஹெல்மெட்டை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்த அறிக்கையை அவனுக்கும் காட்டலாமில்ல?"

"எப்படி மேடம்? அதுல இல்லாத ஆளுக்கு அதை எப்படிக் காட்டுறது? நாமளே எடுத்துட்டோமே. எடுக்கலைன்னா மத்தவங்களுக்கும் கிடைக்காது." அவர் குரலில் கடுமை இல்லை. "காலையில எதைக் கொடுக்கிறீங்கன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எதைக் கொடுத்தாலும் நான் கையெழுத்துப் போடுறேன்."

8

முடிவுகளைப் பற்றி.

அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவதாக ஒன்று எழுதினேன். எழுத்தைப் பெரிதாக்கி, பழைய வரைபடத்தையே கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாள். நாலு வரி எழுதுவதற்குள் பேனா நின்றுவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் நாற்காலியைவிட்டு எழுந்தவள் இதைச் செய்யமாட்டாள்.

அவனையும் வைத்தே புதிய அறிக்கையைக் கொடுப்பதாக இன்னொன்று. குழுவில் சிரிக்கிறார்கள். "போன மாசம் நேர்மை, இந்த மாசம் பாசமா?" என்று ஒருவர் கேட்கிறார். கணக்கை ஒதுக்கிவைக்கிறார்கள். வெட்டு மேசையில் எல்லாரும் முன்புபோலவே நிற்கிறார்கள், சில மாதங்களில் வேறொருவர் கை. ஆனால் அவள் வீட்டில் தலைநிமிர்ந்து நடக்கிறாள். உன் பக்கம் நின்றேன் என்று கொழுந்தனிடம் சொல்ல முடிகிறது.

அவனை நீக்கிக் கொடுப்பதாக மூன்றாவது. இடைவேளை வருகிறது. மணி அடித்ததும் வெட்டுப் பிரிவில் எல்லாரும் கையை உதறிக்கொண்டு பலகையில் உட்காருகிறார்கள். அவளைப் பார்த்தால் சிலர் எழுந்து நிற்கிறார்கள். கொழுந்தனின் மேசையில் வேறொருவன் வேலை செய்கிறான்.

(குழுவில் யாராவது ஒரு நல்லவரை எழுப்பி நிறுத்தி, "அந்தப் பையனுக்கும் இது பொருந்தும்தானே?" என்று கேட்கவைத்தேன். எழுதும்போது கண்ணே கலங்கியது. மறுநாள் படித்தபோது அவரை எனக்குத் தெரியவில்லை. எங்கிருந்தோ கொண்டுவந்து போட்ட ஆள். எடுத்துவிட்டேன்.)

நடுவில் ஒரு வழி இருக்கிறது என்று சிலர் எழுதுவீர்கள். இரண்டு அறிக்கையையும் கொடுக்கலாமே என்பீர்கள். அவளும் அதைத்தான் முதலில் நினைத்தாள். இரண்டைக் கொடுத்தால் எது வசதியோ அதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது ஹெல்மெட் சார் சொல்லாமலே அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், நானும் அலுவலகங்களில் இருந்தவன்தான்.

9

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது விளக்கு போட்டிருக்கவில்லை. பையில் இரண்டு அறிக்கைகளும் இருந்தன. கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று கேட்டார். சொன்னாள்.

"ஒருத்தன் எனக்குத் தம்பி. மத்தவங்க எனக்கு யாருன்னே தெரியாது" என்றார். பிறகு, "அதனால என்கிட்ட கேக்காத. நான் சொல்றதை நீ கேட்டுடுவ" என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் அவர் தனக்குச் செய்த பெரிய உதவி இது என்று அவளுக்குத் தோன்றியது, கூடவே பெரிய கொடுமையும் இதுதான் என்று தோன்றியது.

படியில் செருப்புச் சத்தம். கொழுந்தன் கீழே வந்தான். மடங்காத விரல்களை மறைக்க அவன் அந்தக் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொள்ளப் பழகியிருந்தான். கதவுக்கு வெளியே நின்றான். அண்ணன் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"அண்ணி, கணக்கு மாறிடுச்சாமே? பழைய மிஷினைப் பத்தி விசாரிச்சாங்களாம், கணினிப் பிரிவுல ஒருத்தர் சொன்னாரு."

"ஆமா தம்பி. என் தப்பு. நேரம்தான் காரணம். உன் மேல ஒண்ணுமில்ல."

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். மறைத்துவைத்திருந்த கைதான், மறந்துபோய் எடுத்துவிட்டான். இரண்டு விரல்கள் நெற்றிக்கு மேல் விறைத்து நின்றன. மாடியில் ஓரகத்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"எனக்குத் தெரியும் அண்ணி. இல்ல, தெரியாது. அன்னைக்கு நான் கவனமாத்தான் இருந்தேன்னு நினைச்சேன். அப்புறம் உங்க கணக்கு வந்ததும், இருந்திருக்க மாட்டேன்னு நினைச்சேன். இப்போ…" மூக்கை உறிஞ்சிக்கொண்டான். "நாளைக்குப் புதுசைத்தானே கொடுப்பீங்க?"

"புதுசைத்தான்."

அவன் தலையாட்டினான். திரும்பிப் போக ஒரு படி ஏறியவன் நின்றான். அவன் வெட்டுக்காரன், அட்டவணை, சூத்திரம், பெயர் எதுவும் அவனுக்குத் தெரியாது. வேறெதையும் நினைத்து அவன் கேட்கவில்லை.

"அண்ணி, அதுல நான் இருக்கேன்ல?"

நான் இந்த இடம்வரை பலமுறை வந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவள் வாயைத் திறக்கிறாள். 'இருக்க' என்றால் அது ஒரு காலை. 'இல்ல' என்றால் அது வேறொரு காலை. ஒரே சொல்தான் வேண்டும், அதை அவள் வாயில் வைக்க எனக்கு உரிமை இல்லை. அவனைக் கொழுந்தனாக்கியபோதே அதை இழந்துவிட்டேன். நீங்கள் இவர்களுக்கு உறவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவன் படியில் நிற்கிறான்.